வரிசை மாறிக் குடித்த மண்

கொட்டாங்குடியில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதைச் செலவழித்ததில்லை. அந்த ஊர் நாச்சாயியும் அவள் அண்ணன்மார் மூவரும், சவுக்குத் தோப்பை வெட்டிய இடத்தில் ஒரு பாத்தி மிளகாய் நாற்று நட்டார்கள். முதல் கூடை மிளகாய் அம்மன் கொடைக்கு என்று நாச்சாயி ஊரறியச் சொல்லிவிட்டாள்.

ஊற்றிய தண்ணீரோ சேம்பிலையில் உருள்வதுபோல் முத்து முத்தாக உருண்டு, வாய்க்காலுக்கே திரும்பிப் போனது. மண் பொடியாகவே கிடந்தது. நாற்றெல்லாம் தலை தொங்கிவிட்டது. நாச்சாயிக்கு வந்ததே கோபம்! தாகத்தில் சாகிறவன் செம்பைத் தட்டிவிடுவானா, இது எந்த ஊர் நியாயம் என்று மண்ணிடமே அரை மணி நேரம் வழக்காடினாள். மண் பதில் சொல்லவில்லை. ஜெயித்தது தான்தான் என்று வைத்துக்கொண்டாள்.

நாற்று விற்ற இருளப்பர் சைக்கிளில் வந்தார்.

"காஞ்ச சவுக்கு மண்ணு அப்படித்தான் தாயி, தண்ணியத் தள்ளும். ஈரம் ஏறிட்டா அதுவாக் குடிக்கும். மொதல்ல மண்ணை ஈரமாக்குங்க, அப்புறம் தண்ணி ஊத்துங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நால்வரும் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"தண்ணி ஊத்தாம எப்படி ஈரமாக்குறது?" என்றான் மூத்தவன் சடையப்பன்.

"ஈரத்துணியைப் போத்துவோம்" என்றாள் நாச்சாயி.

மூன்று வேட்டியையும் அவிழ்த்து நனைத்தார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தண்ணீர் ஊற்றிய கணக்காகிவிடுமே! அதனால் முறுக்கிப் பிழிந்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் போர்த்தினார்கள். மண் அசையவில்லை. பிறகு அண்ணன்மார் கோவணத்தோடு பாத்தியைச் சுற்றிச் சுற்றி ஓடி வேர்வை சிந்தினார்கள். அதுவும் உருண்டு போனது.

அந்தி சாய்கையில் மழை பிடித்தது.

"ஈரமாக்காத மண்ணுல யாரைக் கேட்டுப் பெய்யுது? தார்ப்பாயைப் பிடிங்கண்ணே" என்றாள் நாச்சாயி.

மூலைக்கு ஒருவராக நின்று பிடித்தார்கள். தார்ப்பாய் நிறைமாத வயிறு மாதிரி தொங்கி, கடைசியில் நடுவே கிழிந்து கொட்டியது. பாத்தியில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

காலையில் நாற்றெல்லாம் நிமிர்ந்து நின்றன. பார்க்க வந்த இருளப்பர் பொழச்சுக்கிச்சே என்று மெச்சினார். நாச்சாயி முகம் கடுகடுத்தது.

"என்னத்தப் பொழச்சுது? மொதல்ல ஈரம், அப்புறம் தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க. இது வரிசை மாறிக் குடிச்சிருக்கு. முறை தவறி வெளஞ்சதை அம்மனுக்கு எப்படிப் படைக்கிறது?"

அதற்குள் அண்ணன்மார் மூவரும் பனையோலை விசிறியோடு பாத்தியில் இறங்கிவிட்டார்கள். மண்ணைக் காயவைத்து, முதலிலிருந்து முறையாக ஆரம்பிக்க வேண்டுமல்லவா? இருளப்பர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்திப் பக்கம் குனிந்தார்.

நாச்சாயி பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு சிரிங்க மாமா. காயற மண்ணுல சொட்டு விழுந்துறப் போகுது."