கொடி ஏன் சாகவில்லை

"மேடம், நான் ஊருக்கே போறேன். இதுக்கு மேல என்னால ஆகாது."

தேவசகாயம் கையிலிருந்த கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தார். டாக்டர் ஷமீமா நிமிர்ந்து பார்த்தார்.

தேவசகாயம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். மனைவியைக் கேன்சருக்குப் பறிகொடுத்தபின், தலை நரைத்த வயதில் ஆராய்ச்சிக்கு வந்தார். வழிகாட்டி ஷமீமா அவரைவிட இளையவர். இவர் 'மேடம்' என்பார், அந்தம்மா 'சார்' என்பார். மரியாதையில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் கிடையாது.

மலைக்கொடி ஒன்றின் இலையில் கேன்சரைக் கொல்லும் பொருள் இருக்கிறது. கூடை கூடையாகப் பறித்தாலும் கிடைப்பது ஒரு சிட்டிகைதான். அதை ஆய்வகத்திலேயே செய்துவிடுகிறேன் என்று இறங்கியவர் தேவசகாயம். லேசுப்பட்ட காரியமா? செய்தும் விட்டார். மனுஷன் கெட்டிக்காரர்தான்.

"கேன்சர் செல் செத்துச்சா, சார்?"

"அத்தனையும் செத்துச்சு."

"அப்புறம் என்ன?"

"நல்ல செல்லும் செத்துச்சு. ஒண்ணு மிச்சமில்ல. பினாயிலை ஊத்தினாக்கூட இதைத்தான் செய்யும். இந்த மருந்தை நான் யாருக்கு மேடம் கொடுக்கறது?"

பாவம், இத்தனை வருஷ உழைப்பும் கண்ணெதிரே வீணாய்ப் போகிறதே.

ஷமீமா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கே தொட்டியில் அந்தக் கொடி, கம்பியைப் பிடித்து ஏறித் தளதளவென்று நின்றது.

"இதுக்குள்ள இருக்கறதும் அதே விஷம்தானே?"

"அதேதான்."

"அப்ப இது ஏன் சாகல?"

கேள்வி கேட்டால் வகுப்பெடுக்கிற பழக்கம் வாத்தியாரை விடுமா? தேவசகாயத்துக்கு முகமே மாறிவிட்டது.

"அதுதான் மேடம் இதோட சாமர்த்தியம். விஷத்தோட ஒரு சர்க்கரையைக் கோத்து வச்சிருக்கு. சர்க்கரை இருக்கிறவரைக்கும் விஷம் வாயைத் திறக்காது. பூச்சி வந்து இலையைக் கடிச்சாத்தான் சர்க்கரை கழலும். கடிச்சவனுக்கு மட்டும்தான் அடி. மூளையே இல்லாத செடி, என்னமா யோசிச்சிருக்கு பாருங்க."

"நீங்க செஞ்சதுல சர்க்கரை எங்க, சார்?"

"அதைக் கோக்கறது உயிர் போற வேலை, மேடம். அதுவுமில்லாம, கொல்றது சர்க்கரை இல்லையே. வேண்டாத வால்னு விட்டுட்டேன்."

ஷமீமா ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தபடியே சொன்னார்.

"கேன்சர் செல்லும் சர்க்கரையைக் கடிக்கிற பூச்சிதான். கொடி அந்த வாலை விடலையே, சார்."