காசியில் விட்டுவிட்டு வந்த வழிகாட்டி

ஆமாங்குளத்துக்காரர்கள் முட்டாள்கள் என்று நான் சொன்னதாக யாரும் போய் வத்தி வைக்க வேண்டாம். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். ஒரு தடவை அந்த ஊர்க் கடைக்காரர் "வரிசையில நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் வரிசை அப்படியே நின்றது. நடுவில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்துமிருந்தார்கள்.

அந்த ஊரிலிருந்து ஐந்து பேர் தஞ்சாவூர், மாமல்லபுரம், ஆக்ரா, காசி என்று யாத்திரை கிளம்பினார்கள். அவர்களை அழைத்துப்போகும் வழிகாட்டியாக வாய்த்தவன் சௌந்தரபாண்டி. பாவம், நல்ல பையன். மதுரையில் ஒரு யாத்திரை கம்பெனியில் மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. வேலை நிரந்தரம் என்று காகிதம் காட்டினால்தான் தாம்பூலம் மாற்றுவோம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி முதலாளி கோமதிநாயகமும் கறாராகத்தான் சொன்னார்.

"இந்த அஞ்சு பேரும் திரும்பி வந்து, கைடை எங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு வாயால சொல்லணும். சொன்னா அங்கேயே ஆர்டர். சொல்லலைன்னா நீ வேற வேலை பாத்துக்க."

ஐந்து பேருக்குப் பிடித்தவனாக நடந்துகொள்வது என்ன பெரிய காரியம் என்று சௌந்தரபாண்டி நினைத்தான். அந்த நினைப்பு தஞ்சாவூர் வரைக்கும் தாங்கியது.

பெரிய கோயில் வாசலில் அவன் சொன்னது ஒரே வாக்கியம். "செருப்பை விட்டுட்டு நேரா உள்ள போங்க, நான் பின்னாலேயே வர்றேன்." அவன் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், ஐந்து பேரும் நந்தி மண்டபத்தின் முன்னால் வரிசையாகக் கைகட்டி நிற்கிறார்கள். நல்ல வெயில். கல் தரை சுடச் சுட, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நிற்கிறார்கள்.

"ஏன்யா இங்க நிக்கிறீங்க?"

"நேராப் போகச் சொன்னீங்கல்ல தம்பி, நந்தி குறுக்க படுத்திருக்கு" என்றார் பூவலிங்கம். ஐவரில் மூத்தவர் அவர்தான். ஊரில் எந்த வழக்கையும் அவர்தான் தீர்த்துவைப்பார், அதனால்தான் ஊரில் அத்தனை வழக்கு.

"சுத்திப் போகலாமே!"

"அது நேராப் போறது ஆகாதே" என்றான் அவருடைய மருமகன் முறைக்காரன் தவசி. "நந்தனாரு ஒருத்தருக்காகவே திருப்புன்கூர்ல நந்தி விலகியிருக்கு. நாங்க அஞ்சு பேரு வந்திருக்கோம். எந்திரிக்கும், பொறுங்க."

வாதாடிப் பயனில்லை என்று சௌந்தரபாண்டிக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. மண்டபத்தில் ஏறி, நந்தியின் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கி வந்தான். "பேசிட்டேன். வயசாயிருச்சாம், எந்திரிக்க முடியலையாம். உங்களைச் சுத்திப் போகச் சொல்லுது."

ஐந்து பேரும் அவனை வாய் பிளந்து பார்த்தார்கள். "நந்தியே தம்பிகிட்ட பேசுது!" என்று பூவலிங்கத்தின் மனைவி வெள்ளத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முதல் நாளே பிடித்துப்போய்விட்டது என்று சௌந்தரபாண்டிக்கு ஒரே சந்தோஷம்.

மாமல்லபுரத்தில் சரிவுப் பாறைமேல் உருண்டு விழுவதுபோல ஒரு பெரிய உருண்டைக் கல் நிற்கிறதல்லவா, அங்கே போனார்கள். எல்லோரும் அதன் அடியில் நின்று கல்லைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். சௌந்தரபாண்டியும் ஐந்து பேரையும் நிறுத்தி, "கல்லு விழாம நல்லாத் தாங்கிப் பிடிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தான். பிறகு, "போதும், வாங்க" என்றான்.

யாரும் வரவில்லை.

"எப்படி வர்றது?" என்றான் மொக்கச்சாமி. பூவலிங்கத்தின் தம்பி அவன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. "நாங்க கையை எடுத்தா கல்லு விழுந்துராதா?"

"அது ஆயிரம் வருஷத்துக்கு மேல அப்படியேதான் நிக்குது!"

"அத்தனை வருஷமும் யாரோ மாறி மாறிப் பிடிச்சிருக்காங்க. நாங்க வரும்போதுகூட ஒரு குடும்பம் பிடிச்சுக்கிட்டிருந்துச்சே, பாக்கலையா? எங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிட்டாங்க" என்றார் பூவலிங்கம். "கீழ பாருங்க, வெள்ளரிக்கா விக்கிற பொம்பளை உக்காந்திருக்கா. அவளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

அங்கேயே, கல்லைத் தாங்கியபடியே, ஆலோசனை நடந்தது. ஊருக்குச் சொல்லியனுப்பி ஆள் வரவழைக்கலாம் என்றான் தவசி. அதுவரைக்கும் சோறு யார் ஊட்டுவது என்று கேட்டாள் அவன் அக்காள் குருவம்மாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சௌந்தரபாண்டி தானே போய்க் கல்லுக்கு முதுகைக் கொடுத்து நின்று, "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க பஸ்ஸுக்குப் போங்க" என்றான்.

ஐந்து பேரும் அழுதுகொண்டே போனார்கள். அவர்கள் பஸ்ஸில் ஏறும்வரை அவன் முதுகை எடுக்கவில்லை, திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களே. பிறகு ஒரு கல்லூரிக் கூட்டம் படம் எடுக்க வந்தது. நைசாக நழுவி ஓடி வந்து, "நல்ல திடமான ஆளுங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன்" என்றான். "நமக்காக மலையையே முதுகுல தாங்குன புள்ள" என்று வெள்ளத்தாய் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஆக்ராவில் இன்னும் கஷ்டம். தாஜ்மகாலைக் காட்டி, "ராஜா தன் பொண்டாட்டி செத்த துக்கத்துல கட்டினது, உள்ளதான் அடக்கம் பண்ணியிருக்கு" என்று சௌந்தரபாண்டி சொன்னதுதான் தப்பு.

"துட்டி வீடுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று பதறினாள் வெள்ளத்தாய். "நான் பூ வச்சுக்கிட்டு வந்துட்டேனே!"

ஆம்பிளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கை நீட்டித் துக்கம் விசாரித்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் பளிங்குத் தரையில் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். குருவம்மாள் ஒப்பாரி எடுத்தாள் பாருங்கள்:

"வெள்ளக் கல்லு மெத்தையில வேர்க்காமத் தூங்குறியே,
புள்ளைகளை யாருகிட்ட ஆத்தா ஒப்படைச்ச..."

ராணி செத்துப் பல நூறு வருஷமாயிற்று, அந்தப் பிள்ளைகளும் செத்துப் பல நூறு வருஷமாயிற்று. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வெள்ளைக்காரிகள் நிஜமாகவே அழுதார்கள். சௌந்தரபாண்டி சமாதானம் சொல்லக் காவலாளியிடம் ஓடினான். திரும்பிப் பார்த்தால் ஐவரையும் காணோம். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா, அதனால் அவனிடமும் சொல்லவில்லை. அலைந்து திரிந்து தேடினால், முன்னால் இருக்கிற நீண்ட தண்ணீர்த் தொட்டியில் ஐந்து தலைகள் தெரிந்தன. துட்டிக்குப் போனால் தலை முழுகாமல் வண்டி ஏறலாமா?

காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். சௌந்தரபாண்டி வேறு வழி தெரியாமல் தானும் தொட்டியில் குதித்து, தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அது பாதி நிஜ அழுகைதான். இத்தனை பேர் அழுவதைப் பார்த்துக் காவலாளி என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றுவிட்டார்.

"யாரோ ஒரு ராணிக்கு நம்மளைவிட அதிகமா அழுதாரே" என்று ரயிலில் மொக்கச்சாமி உருகினான். காசி நெருங்கும்போது அந்த ஐந்து பேருக்கும் சௌந்தரபாண்டி என்றால் உயிர்.

காசியில் கங்கைப் படித்துறையில் நின்று அவன் கடைசி விவரத்தைச் சொன்னான். "காசிக்கு வந்தா மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணை இங்கேயே விட்டுட்டுப் போகணும். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது." எல்லோரும் காயையோ பழத்தையோ விடுவார்கள். இவர்களும் ஏதாவது காயை விட்டுத் தொலைப்பார்கள் என்று துண்டுகளைச் சுமந்துகொண்டு படியில் உட்கார்ந்தான்.

இடுப்பளவு தண்ணீரில் சபை கூடியது.

"பாகக்காயை விட்டுருவோம்" என்றான் தவசி.

"பாகக்கா உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது மாமா."

"அப்ப கங்கையையே ஏமாத்தப் பாக்குறியா?" என்று பூவலிங்கம் அதட்டினார். "மனசைத் தொட்டுச் சொல்லுங்க. நமக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

வெள்ளத்தாய் படியைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். மொக்கச்சாமி பூவலிங்கத்தின் கையைப் பிடித்தான். "அவரு இல்லாம எப்படிண்ணே ஊருக்குப் போறது?"

"கஷ்டமா இல்லைன்னா அது விடுறதே இல்லை" என்றார் பூவலிங்கம். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளினார். "எங்க கைடு சௌந்தரபாண்டியை இன்னையோட விட்டோம். இனிமே தொட மாட்டோம், பாக்க மாட்டோம், பேச மாட்டோம்." ஐந்து பேரும் தண்ணீரை ஆற்றில் விட்டார்கள்.

அவன் சிரித்தான். வேடிக்கை பண்ணுகிறார்கள் என்று நினைத்தான். துண்டை நீட்டினால் யாரும் வாங்கவில்லை. ஈரத்தோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுதுகொண்டே அவனைத் தாண்டிப் போனார்கள்.

ரயிலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து எதிர் வரிசைக்குப் போனார்கள். அங்கே போனால் இங்கே வந்தார்கள். கத்தரிக்காயை விட்டவர்கள் பந்தியில் கத்தரிக்காயை ஒதுக்குவார்களே, அப்படி ஒதுக்கினார்கள். எனக்கு வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்று கெஞ்சினான். கண்ணை மூடிக்கொண்டார்கள். பிடித்தால்தானே விடுவார்கள், பிடிக்காமல் பண்ணிவிடுவோம் என்று நாக்பூர் தாண்டியதும் ஐவரையும் வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தான்.

மதுரை ஸ்டேஷனில் முதலாளி கோமதிநாயகம் மாலையோடு நின்றார். "கைடு எப்படி?" என்று கேட்டார்.

"தங்கமான மனுசன். அவரைப்போலப் பிடிச்சவரு உலகத்துலயே இல்லை" என்றார் பூவலிங்கம். "காசியில விட்டுட்டோம்."

முதலாளி சௌந்தரபாண்டியைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

"தெரியலைங்க, நாங்க பாக்கலை. காசியிலேருந்து யாரோ ஒரு ஆள் கூடவே வந்தான். கைடு குரல்லயே பேசுறான். ஆனா எங்க கைடு இப்படி அசிங்கமாத் திட்ட மாட்டாரு."

முதலாளி சந்தோஷமாக அங்கேயே வேலை நிரந்தர ஆர்டரை எழுதி உறையில் போட்டார். சௌந்தரபாண்டி கை நீட்டினான். முதலாளி உறைமேல், 'சௌந்தரபாண்டி, வழிகாட்டி, காசி' என்று விலாசம் எழுதினார்.

"முதலாளி! நான்தான் இங்க நிக்கிறேனே!"

"பயணிங்க அஞ்சு பேரும் ஒரே மாதிரி காசியில விட்டோம்னு சொல்றாங்க. உன் ஒருத்தன் பேச்சை நம்பி ஆர்டரைக் குடுக்கவா?"

பூவலிங்கம் உறையை வாங்கித் தம் கையாலேயே தபால் பெட்டியில் போட்டார். சௌந்தரபாண்டி பெட்டியைப் பார்த்தான். அங்கே வாங்க ஆள் இல்லையென்றால் காகிதம் திரும்பி வந்துவிடும். அந்த ஐவரோடு இத்தனை நாள் ஒன்றாக இருந்தவனுக்குக் காசிக்கே போய் வாங்கிக்கொள்வதுதான் மிகச் சரியாகப் பட்டது. ஓடிப்போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு, வடக்கே போக நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்தான்.

வண்டி கிளம்பும் சமயம் வெள்ளத்தாய் கண்ணை இறுக மூடியபடி வந்து, ஜன்னல் கட்டையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை வைத்தாள்.

"நீங்க யாரோ தெரியாது, காசிக்குப் போறீங்களாம். அங்க எங்க கைடு தம்பி ஒத்தையில இருப்பாரு. இதை அவருகிட்ட குடுத்திருங்க. வழியில நீங்க தின்னுறாதீங்க."

"குடுத்திர்றேன் ஆத்தா" என்றான் சௌந்தரபாண்டி.

மூன்று நாள் கொலைப்பசி. ஆனாலும் காசி வந்து சேரும்வரை அவன் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.