நாற்பது மதிப்பெண் வாங்கிய இருவர்

2018 ஜூலை 12, காலை 7.10. இருபத்திரண்டு படிவங்கள். முதலில் நிரப்பிக் கொடுத்தவள் ரெஜினா.

முத்தாலங்குளம் பெண்கள் விளையாட்டு விடுதியில் அன்று வெண்பொங்கல். படிவத்தைக் கொடுத்தால்தான் தட்டு என்று பயிற்சியாளர் அருளப்பன் சொல்லியிருந்தார். ரெஜினா மேலிருந்து கீழே எல்லா வரியிலும் ஏழு என்ற எண்ணையே வட்டமிட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள்.

ஓடும்போது எவ்வளவு மகிழ்ச்சி என்பதை அளக்கும் படிவம் அது. கல்லூரியில் உளவியல் கற்பிக்கும் தில்லைநாயகி கொண்டுவந்தது. மொத்தம் பத்து வரி. ஒவ்வொரு வரியின் இரு முனையிலும் ஒரு வாசகம், நடுவில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். தாள்களைக் கொடுத்துவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

மலையில் நடக்கும் ஆறு மாதப் பயிற்சி முகாமில் விடுதிக்கு ஒரே ஓர் இடம். கடந்த இரண்டு ஆண்டுகளும் விடுதியிலேயே வேகமானவளை அனுப்பினார்கள். இருவருமே ஒரு மாதம் முடியுமுன் பெட்டியோடு திரும்பிவிட்டார்கள். மூன்றாவது ஆளும் திரும்பினால் இடம் வேறு விடுதிக்குப் போய்விடும். அதனால் இந்த முறை ஓட்டத்தை விரும்புகிறவளை அனுப்புவது என்று அருளப்பன் முடிவு செய்தார். பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை.

பத்தாயிரம் மீட்டரில் தகுதி நேரத்தைத் தொட்டவர்கள் மூவர்தான்: ரெஜினா, சம்சாத், இசக்கியம்மாள். மூவருக்கும் விடுதியில் அது கடைசி ஆண்டு. மலை இல்லையென்றால் ஓட்டமும் அத்தோடு முடிந்தது.

சுற்று எண்ணுவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. தொடங்கும் கோட்டருகே பெஞ்சில் ஆளுக்கொரு தம்ளர், அதில் பத்தாயிரம் மீட்டருக்கு இருபத்தைந்து புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றாக எடுத்து எறிய வேண்டும். தம்ளர் காலியானால் நிற்கலாம். இசக்கியம்மாளுக்கு ஒரு நாளும் எண்ணிக்கை தப்பியதில்லை. "இன்னும் பதினொண்ணு... இன்னும் பத்து" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிக்கொண்டே ஓடுவாள். சம்சாத் கொட்டையை எடுக்க மறந்துவிடுவாள். இருபத்தாறு, இருபத்தேழு என்று அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.

"ஏட்டி, ஒன் தம்ளர்ல கொட்டை குட்டி போடுதா?" என்பாள் இசக்கியம்மாள்.

"நீதான் எண்ணுதியே, எனக்கும் சேத்து எண்ணேன்."

'கவனம் இல்லாத பிள்ளை' என்று அருளப்பன் சம்சாத்தைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்.

மாலையில் அவர் வட்டமிட்ட எண்களைக் கூட்டினார். ரெஜினா எழுபது, முழு மதிப்பெண். சம்சாத் நாற்பது, இசக்கியம்மாள் நாற்பது. அந்த இருவர் தாளிலும் ஒன்றும் ஏழும் மட்டுமே இருந்தன. ஒருத்தி ஏழு போட்ட வரியிலெல்லாம் மற்றவள் ஒன்று போட்டிருந்தாள். கூட்டி முடித்த தாள்களைச் சமையல் செய்யும் லூர்தம்மாள் எடுத்துப்போய், உளுந்துவடையின் எண்ணெய் வடிய விரித்துவிட்டார்.

அருளப்பன் தொலைபேசியில் ரெஜினாவுக்கு எழுபது என்றதும் தில்லைநாயகி சிரித்தார்.

"சார், அஞ்சு வரியில ஏழுன்னா 'ரொம்பப் பிடிக்கும்'. மீதி அஞ்சுல ஏழுன்னா 'வெறுப்பா இருக்கு'. படிச்சுப் பார்த்துத்தான் போடுறாங்களான்னு தெரிய மாத்தி வச்சிருக்கு. அப்படியே கூட்டக் கூடாது."

"ரெண்டு பேர் நாற்பதும்மா. ஒருத்தி ஏழு போட்ட இடத்துல இன்னொருத்தி ஒண்ணு."

"அப்படின்னா ஒருத்திக்கு ஓட்டம் உயிர். இன்னொருத்திக்கு ஆகவே ஆகாது. யார் எதுன்னு தாளைப் பார்த்துச் சொல்லுங்க."

"தாள் மேல வடை இருக்கும்மா. ஒரு எழுத்தும் தெரியலை."

மறுபடி கேட்டுப் பயனில்லை. படிவம் எதற்கென்பது அதற்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிமேல் கேட்டால் மூவருக்கும் ஓட்டம் உயிராகத்தான் இருக்கும். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் பெயரை அனுப்பியாக வேண்டும்.

அருளப்பன் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழு மதிப்பெண் எடுத்த ரெஜினாவா, ஒரு கொட்டையைக்கூடத் தவறவிடாத இசக்கியம்மாளா, கவனம் இல்லாத சம்சாத்தா? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: சம்சாத். ரெஜினாவின் எழுபது வெண்பொங்கலுக்குப் போட்ட மதிப்பெண். அவள் ஒரு வரியும் படிக்கவில்லை. இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டே ஓடுகிறவள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறாள். முடிந்ததே தெரியாமல் ஓடுகிறவளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. படிவம் அளக்க வந்ததைத் தம்ளர் முன்பே அளந்து வைத்திருந்தது. அருளப்பன்தான் அதைக் குறை என்று எழுதிவிட்டார். அவர் சம்சாத்தின் பெயரை அறிவித்தபோது இசக்கியம்மாள், "பிடிக்கலைன்னு நான் ஒரு நாளாவது ஓடாம இருந்தேனா சார்?" என்று கேட்டாள். பிறகு, "அவளையே அனுப்புங்க. அங்க எண்ணுறதுக்கு ஆள் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க" என்றாள்.

2019 பிப்ரவரி 10 அன்று மாநிலப் போட்டியின் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் சம்சாத் இரண்டாம் இடம் பெற்றாள். சுற்று எண்ணும் மேசையில் இசக்கியம்மாள் இருந்தாள். இருபத்தைந்தாவது சுற்றில் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் சம்சாத் ஓடியது இருபத்தாறு சுற்று.