பம்பருக்கு ஆளுக்கொரு புத்தி

பல்லடம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அங்கே ஒருநாள் பழைய பிக்கப் வண்டி ஒன்று முக்கி முனகிக்கொண்டு வந்து நின்றது. அதனோடு பிறந்த வண்டிகளெல்லாம் எப்போதோ உருகிக் கம்பியாகிவிட்டன. இது மட்டும் இன்னும் வாழை இலைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு மண்டபம் மண்டபமாக ஓடிக்கொண்டிருந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரி மாராத்தாள். இலை வியாபாரம் அவளுடையது. அடுத்தவர் ஏறினால் இலையைக் கிழித்துவிடுவார்கள் என்று தானே பின்னால் ஏறி ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது.

“பின்னால படி வெச்சாப்பல ஒரு பம்பர் போட்டுக் குடு அம்மாசை,” என்றாள் பட்டறைக்காரனிடம். “என்னால ஏற முடிஞ்சா வண்டிய வெச்சுக்கறேன். முடியலீன்னா வித்துப்போடறேன். ஒரு ஓட்டல்காரர் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. வாசல்ல நிறுத்தி வெக்கறதுக்காமா. வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்களாமா.”

“அப்படியெல்லாம் விட்டுருவனுங்களாக்கா? நீங்க வெள்ளிக்கிழமை வாங்க,” என்றான் அம்மாசை.

ஓட்டல் வாசல் என்றதும் வண்டி ஒருமுறை உறுமிக்கொண்டது. ஓடுகிற வண்டியை நிற்க வைப்பதா? நல்ல கதைதான்!

அன்றைக்கே அம்மாசை பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒரு பம்பரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது முன்பு ஏதோ ஒரு ஜீப்பின் பின்னால் இருந்தது. இடி வாங்குவது தவிர அதற்கு வேறு தொழில் தெரியாது. எதற்குக் கொண்டுவந்தார்கள் என்றும் அதனிடம் யாரும் சொல்லவில்லை. பெண் பார்த்த மறுநாளே தாலி கட்டிக் கூட்டிவந்தது போல மலங்க மலங்க விழித்துக்கொண்டு தரையில் கிடந்தது.

“எனக்கு இங்க என்ன வேலைங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டது.

“வேலை கெடக்கட்டும். மொதல்ல எனக்குப் பொருந்து,” என்றது சேஸிஸ். வண்டியின் முதுகெலும்பு அதுதான், பேச்சும் அதற்குத் தகுந்தாற்போல் விறைப்பு. “எம்மேல புதுசா ஓட்டை போடக் கூடாது. இருக்கற ஓட்டைக்கு நீ வா.”

“எனக்கும் பொறந்ததுல இருந்தே ஓட்டை இருக்குதுங்களே?”

“அடைச்சுட்டு வேற போட்டுக்க.”

சரி என்றது பம்பர். பழைய ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்தான் அம்மாசை. புதிய ஓட்டைகளை டிரில் போட்டான். போல்ட்டை முறுக்கி மாட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தான். டங்கென்று பம்பரின் தலையில் இடித்தது கதவு.

“யாருடா இது குறுக்கே? நான் முழுசா மடங்கித் தொங்க வேண்டாமா?” என்று கத்தியது கதவு. “கீழே இறங்கு!”

“இறங்காதே!” என்று இருமியது சைலென்சர். “எம்வாய அடைச்சீன்னா வண்டி மூச்சு முட்டிப் போயிரும். மேலே ஏறு!”

“ஆமா, ஏறு,” என்றது சேஸிஸ். “கீழ தொங்குனா வேகத்தடைக்கு வேகத்தடை உரசும். அந்த அதிர்ச்சி எனக்குத்தான்.”

பம்பருக்குத் தலை சுற்றியது. மேலே என்கிறார்கள், கீழே என்கிறார்கள். எந்தப் பேச்சைக் கேட்பது? “நீங்க மூணு பேரும் கலந்து பேசி ஒரு முடிவாச் சொல்லீருங்களேன்,” என்றது.

“நாங்க எதுக்குப் பேசோணும்?” என்றது கதவு. “புதுசா வந்தது நீதானே!”

பம்பர் பாவம், இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தது. “உனக்காவது தெரியுமாப்பா, நான் என்ன ஆகோணும்னு?”

“எனக்கு மேலயும் தெரியாது கீழயும் தெரியாது,” என்றது கிரைண்டர். “சாக்பீஸ்ல கோடு போட்ட எடம் தெரியும்.” சொல்லிக்கொண்டே நெருப்புப் பொறி பறக்கப் பாய்ந்தது.

பம்பரின் நடுவயிற்றை மேலிருந்து பள்ளமாக வெட்டினான் அம்மாசை. இப்போது கதவு தாராளமாக மடங்கியது. பள்ளத்தில் ஒரு சொரசொரப்புத் தகட்டைப் பற்ற வைத்தான். பிறகு சைலென்சர் இருமி முடிக்கும்வரைக்கும், சேஸிஸ் திருப்திப்படும்வரைக்கும் பம்பரை மேலே மேலே தூக்கி மாட்டினான்.

“அப்பாடா!” என்றது கதவு. “இப்படியே பேசாம இரு,” என்றது சேஸிஸ் பம்பரிடம். சைலென்சர் ஆனந்தமாகப் புகை விட்டது. எல்லாருக்கும் நிம்மதி. பம்பருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. இடி வாங்குகிற உடம்பின் நடுவில் எதற்கு ஒரு பள்ளம்? பள்ளத்தில் எதற்கு ஒரு தட்டு? நான் இப்போது பம்பரா, அலமாரியா, இல்லை பின்கதவுக்கு எடுபிடியா? கேட்டால் ஏதாவது சொல்லி வைப்பார்களோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டது.

அம்மாசைக்கு ஒரு வழக்கம். படி என்று வந்துவிட்டால் டேப்பைத் தொடமாட்டான். தன் காலைத் தூக்கி வைத்துப் பார்ப்பான், நன்றாக இருந்தால் அதுதான் அளவு. ஆள் பனைமரத்துக்குப் பாதி இருப்பான். ஒரே எட்டில் ஏறி, தகட்டின் மேல் தங்குதங்கென்று குதித்துப் பார்த்தான். “சுளுவா இருக்குது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெள்ளிப் பெயிண்ட் அடித்தான். குங்குமப் பொட்டும் வைத்தான்.

வெள்ளிக்கிழமை மாராத்தாள் வந்தாள். பளபளவென்றிருந்த பம்பரைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைப் பற்றியபடி வலது காலைத் தூக்கினாள்.

கால் பாதி வழியில் நின்றது. இறக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். மறுபடியும் அங்கேயே நின்றது.

“என்னால எட்டாது,” என்றது முழங்கால், பம்பரைப் பார்த்து.

“நீ யாரு?” என்று திகைத்தது பம்பர்.

“நல்லாக் கேட்ட போ! எனக்காகத்தானே உன்னைக் கொண்டாந்ததே.”

பம்பர் முழங்காலை ஏற இறங்கப் பார்த்தது. இத்தனை வெட்டும் துளையும் பட்டது இந்த முழங்காலுக்காகவா? அப்படியானால் இத்தனை நாளாக யார் யாருடைய உத்தரவுக்கோ ஆடிக்கொண்டிருந்தேனே! வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

மாராத்தாள் கதவை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். “அழகாத்தான் இருக்குது,” என்றாள். கண் கலங்கியிருந்தது. “ஓட்டல்காரருக்கே போன் பண்ணிச் சொல்லீர்றேன்.”

“நான் ஏறிப் பாத்தனுங்களேக்கா! சுளுவா இருந்துச்சுங்களே!”

“ஏம்ப்பா, நாளைக்கு நீயா ஏறி எனக்கு எலைக்கட்டு எடுத்துக் குடுக்கப் போற?”

அம்மாசைக்குச் சுருக்கென்றது. அப்புறம் பம்பருக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். உள்ளங்கையை விரித்துக் காற்றில் நீட்டினான்.

“காலத் தூக்கி இதும்மேல வையுங்கக்கா. வலிக்காத ஒசரத்துக்குத் தூக்குனாப் போதுங்க.”

“அய்ய, உங்கையிலயா மிதிக்கறது?”

“வையுங்கக்கா.”

கூச்சப்பட்டுக்கொண்டே வைத்தாள். “இன்னும் கீழ,” என்றாள். கை இறங்கியது. “இன்னுங் கொஞ்சம்... ம், இங்க.” முழங்கால் பெருமூச்சு விட்டது.

பம்பர் குனிந்து பார்த்தது. தனக்கு ஒரு முழம் கீழே ஒரு கை, கையின் மேல் ஒரு கால். வந்ததிலிருந்து தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோயிற்று.

அம்மாசை எழுந்து ஸ்பானரை எடுத்துப் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

“அவ்வளவு கீழயா?” என்று உறுமியது சேஸிஸ். “வேகத்தடையில உரசுமே?”

“உரசட்டும். இடி வாங்கறது எனக்குப் பழக்கந்தான்,” என்றது பம்பர்.

“ஐயையோ, அப்ப நான் எங்கே போறது?” என்று அலறியது சைலென்சர்.

“நீ வளைஞ்சு போ,” என்றது பம்பர்.