பாக்கெட்டில் யார் நம்பர்?

மதுரையில் புதிதாய் முளைத்த இட்லிமாவு கம்பெனி அது. மாவு அரைத்தவருடைய போன் நம்பரைப் பாக்கெட்டிலேயே அச்சடிப்பது அங்கே வழக்கம்.

ஒருநாள், கம்பெனிக்குப் பணம் போட்ட முதலாளி தணிகாசலம் வந்து குதித்தார். "புளிச்ச மாவை எவன் கொட்டச் சொன்னது? இன்னிக்குத் தேதி போட்டு அனுப்பு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

"ஆகட்டுங்கய்யா" என்றாள் மாவரைக்கும் பேச்சியம்மா.

அரைமணியில் புளித்த மாவுப் பாக்கெட்டுகளால் வண்டி நிறைந்தது. தணிகாசலத்துக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, இதுதான் பிசினஸ்!"

"ஆமாங்கய்யா. நல்ல மாவுன்னா என் நம்பர் இருக்கும். இது உங்க உத்தரவாச்சே, அதான் எல்லாத்துலயும் உங்க நம்பரை அடிச்சிட்டேன்."

வண்டி உறுமியது. கேட்டுக்குக் குறுக்கே பாய்ந்து கையை விரித்த தணிகாசலம் அலறினார்: "இறக்குங்கடா! ஒரு பாக்கெட் விடாம எல்லாத்தையும் கொட்டுங்கடா!"