மின்விசிறியில் இருந்த பெயர்

சாகக் கிடப்பவர்களுக்காகச் சலேத் சிஸ்டர் ஓர் இல்லம் நடத்திவந்தார். ஞானாதிக்கம் என்ற அரிசி ஆலை அதிபர், ஆலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அவரிடம் சீடராக வந்து சேர்ந்தார். சிஸ்டரைவிட மூத்தவர்.

சில மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"சிஸ்டர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். விண்ணகத்தில் செல்வம் உண்டென்று வேதம் சொல்கிறது. எனக்கோ உள்ளே வெறுமையாக இருக்கிறது. அந்தச் செல்வம் எங்கே? தெரியாவிட்டால் நாளைக்கே வீட்டுக்குப் போய்விடுவேன்."

சிஸ்டர் கஞ்சிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கட்டிலில் இருப்பவர் இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார். பேருந்து நிலையத்தில் கிடந்தவர். பேர் கேட்டால், 'எனக்கு எதுக்குப் பேரு' என்கிறார். பக்கத்தில் போய் உட்காருங்கள், ஐயா."

ஞானாதிக்கம் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. அவர் ஓலை விசிறியை எடுத்து வீசினார்.

"எனக்கு முன்னாடி அது போய்ச் சேந்துட்டு," என்று சிரித்தார் கட்டிலில் கிடந்தவர். சிரிப்பு இருமலாயிற்று. "அந்த றெக்கையில என்னமோ எழுதியிருக்கே, என்னய்யா அது? எனக்குப் படிப்பு கெடையாது."

ஞானாதிக்கம் நிமிர்ந்து பார்த்தார். மூன்று இறக்கைகளிலும் சிவப்புப் பெயின்ட். 'அன்பளிப்பு: ஞானாதிக்கம்.' ஆலை அதிபராக இருந்தபோது வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று அவரே எழுதவைத்தது.

"ஒரு ஆளோட பேர்."

"வாங்கிக் குடுத்தவரா?"

"ஆமா."

"தெனமும் அவருக்காகச் சாமிகிட்ட கேக்கேன். எனக்குக் காத்து குடுத்தவன் மனசு வெந்துபோகக் கூடாதுன்னு." அவர் மூச்சு வாங்கினார். "பேரு தெரியாமக் கேட்டாப் போய்ச் சேருமாய்யா?"

ஓலை விசிறி நின்றது. மறுபடி அசைந்தது.

"சேரும்."

"அப்பச் சரி."

கரண்ட் வருவதற்குள் அவர் இறந்துபோனார்.

ஞானாதிக்கம் சிஸ்டரைக் கட்டிலருகே அழைத்துவந்து, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"ஒரு ஏணி கொடுங்கள், சிஸ்டர். அந்தப் பேரை இப்போதே சுரண்டிப்போடுகிறேன்."

"அது கிடக்கட்டும்."

சிஸ்டர் உள்ளே போய் ஒரு மரச் சிலுவையையும் கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் எடுத்துவந்தார்.

"இதைக் கல்லறையில் நட வேண்டும். அவர் பேரை எழுதுங்கள்."

ஞானாதிக்கம் பிரஷ்ஷைத் தோய்த்தார். கை அந்தரத்தில் நின்றது. பெயின்ட் தரையில் சொட்டியது.

"அவர் பேரை நான் கேட்கவே இல்லை, சிஸ்டர்."

சிஸ்டர் கட்டிலின் ஓரத்தில் முழங்காலிட்டார். பக்கத்தில் ஞானாதிக்கத்துக்கும் சிறிது இடம் விட்டார்.

"பேர் தெரியாமல் கேட்டாலும் சேரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். வாருங்கள், ஐயா."