மயில் காப்பாற்றிய மாவு மில்

காட்டோடைக் கரையில் ஒரு பழைய மாவு மில் இருந்தது. மனிதர்கள் எப்போதோ கட்டி, எப்போதோ விட்டுவிட்டுப் போனது. மதகைத் திறந்தால் ஓடைத் தண்ணீர் பாய்ந்து பெரிய மரச் சக்கரம் சுற்றும். அதோடு சேர்ந்து உள்ளே அரைகல்லும் சுற்றும். நீர்நாய்தான் அதை ஓட்டி வந்தது. பல் முளைக்காத குட்டிகளுக்கும் பல் போன கிழங்களுக்கும் அந்த மாவில்தான் கஞ்சி.

அந்த மில்லின் மேல் மயிலின் பார்வை விழுந்தது. மயிலுக்கு வேலை எதுவும் கிடையாது. ஆகவே தலைவர் பதவிகள் நிறைய இருந்தன.

"ஆகா, என்ன பழமை! என்ன பெருமை! இதில் போய்க் கேழ்வரகு அரைக்கிறீர்களே, வெட்கமாக இல்லை?" என்று மயில் அகவியது.

உடனே 'புராதன மில் பாதுகாப்புக் குழு' பிறந்தது. தலைவர் மயில். செயலாளரும் மயில். பொருளாளர் மட்டும் வேறு ஆள்: மயிலின் மைத்துனர். இனி மில் ஓடக் கூடாது, சக்கரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று குழு தீர்மானம் போட்டது.

நீர்நாய் தலையைச் சொறிந்தது. "தலைவரே, இது தண்ணியிலேயே ஊறின மரம். காய்ஞ்சா..."

முடிப்பதற்குள் அதன் தோளில் பொன்னாடை விழுந்தது. கூடவே 'மில் மாமணி' என்று ஒரு பட்டம். நீர்நாய் வாயை மூடிக்கொண்டது. பொன்னாடைக்கு அப்படி ஒரு சக்தி!

மறுநாள் முயல் கேழ்வரகு மூட்டையோடு வந்தது. அதன் குட்டிகள் அப்போதுதான் பால்குடி மறந்திருந்தன.

"அண்ணே, கொஞ்சம் அரைச்சுக் கொடுங்க. பிள்ளைங்க பசியில கத்துது!"

"முடியாது தங்கச்சி. இது இப்போ மில்லு இல்ல, பொக்கிஷம்!"

"பொக்கிஷத்துல கஞ்சி காய்ச்ச முடியுமா?"

நீர்நாய் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டது.

கோடை முழுவதும் சக்கரம் வெயிலில் நின்றது. அதற்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். 'தொடாதே' என்று பலகை மாட்டினார்கள். முயல் கூழாங்கல்லால் கேழ்வரகைத் தட்டித் தட்டி நுணுக்கியது. வந்த மாவு போதவில்லை. குட்டிகள் எலும்பும் தோலுமாகிவிட்டன.

பிறகு மில் முன்னே மேடை போட்டுக் குழு விழா நடத்தியது. பக்கத்துக் காட்டு யானை சிறப்பு விருந்தினர். மயில் பேசிக்கொண்டே இருந்தது. யானைக்குக் கொட்டாவி வந்தது.

"பேச்செல்லாம் சரி. இது எப்படிச் சுற்றும்? அதைக் காட்டுங்கள்!" என்றது யானை.

மயில் திருதிருவென்று விழித்தது. "மாமணி! மதகைத் திற!"

"வேண்டாம் தலைவரே! மரம் சுருங்கி, வெடிச்சுக் கிடக்கு!"

"விருந்தினர் கேட்கிறார்! திற!"

தண்ணீர் பாய்ந்தது. சக்கரம் ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை. பலகைகள் படபடவென்று பிய்த்துக்கொண்டு பறந்தன. அச்சு முறிந்து, சக்கரம் ஓடையில் குப்புற விழுந்தது. மேடை முழுக்கச் சேறு.

"நல்ல வேளை! விழுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு யானை புறப்பட்டது.

மயில் தோகையை உதறிக்கொண்டு எழுந்தது. "கவலை வேண்டாம்! இந்த இடிபாடுகளைப் பாதுகாக்க இன்னொரு குழு அமைப்போம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். முயல் மட்டும் ஓடையில் இறங்கி, உடைந்த பலகைகளைப் பொறுக்கத் தொடங்கியது.

"ஏய், தொடாதே! அது புராதனம்!" என்று மயில் அலறியது.

"ஓடினப்ப இது எங்களுக்கு மாவு கொடுத்துச்சு. நீங்க காப்பாத்தினீங்க, இப்ப விறகாயிடுச்சு. முழுக் கேழ்வரகை வேகவைக்கவாவது ஆகட்டும்!" என்றது முயல். பலகைகளைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, பசித்த குட்டிகளிடம் போனது.

நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய பொருளின் வேலையைப் பறித்துவிட்டு அதற்கு மாலை போடுகிறவர் அதைக் காப்பாற்றுவதில்லை, அதற்கு இறுதிச் சடங்குதான் செய்கிறார்.